நீலச் சீட்டு எலிகள்

அந்த மருந்து ஆய்வுக்கூடத்தில் எலிக்காரர் எங்கே என்று கேட்டால், வாசல் காவலாளி முதல் மேலதிகாரி வரை ஒரே ஆளைத்தான் கை காட்டுவார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. தாழ்வாரம் துடைக்க வந்தவர், குப்பை அள்ளி, கூண்டு கழுவி, தீவனம் நிறுத்துப் போட்டு, முப்பத்தோரு வருஷத்தில் எலி அறையின் சாவியையே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். சிபாரிசு கிடையாது, தூக்கிவிட ஆள் கிடையாது, தானாக ஏறினார். பேருக்குப் பின்னால் நாலு எழுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் அங்கே நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் முதல் எலியைத் தொட்டபோது கடி வாங்கியவர்கள்தான். எலிக்காரர் கடி வாங்கியது ஒரே தடவை. அதுவும் முதல் வாரத்தில். அதற்கும் எலியைக் குறை சொல்ல மாட்டார்.

"என் ரூம்ல ஒரு எலி வாடிக் கெடந்துச்சுன்னு யாராவது சொல்லட்டும், மீசைய எடுத்துடறேன்" என்பார். மீசை அப்படியே இருந்தது.

அந்த வருஷம் அவருக்கு ஓய்வு என்றால் வேலைக்குப் போவதுதான். களைப்பெல்லாம் வீட்டில் இருந்தது.

வீடு இரண்டாம் மாடியில் ஒரு கூடமும் ஒரு சமையலறையும். மனைவி போய் ஆறு வருஷம். கூட இருப்பது தங்கை, கல்யாணம் கட்டாதவள். பேருந்து நிலையத்தில் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்து நான்கு வருஷம் உட்கார்ந்தவள். சில்லறை இல்லாமல் வந்து நிற்கிறவனை ஒரு பார்வையிலேயே ஓரமாக ஒதுங்க வைப்பாள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, வரிசையில் ஆள் நிற்கும்போதே, அவளுக்கு மூச்சு அடைத்தது. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. போய்விட்டோம் என்றே நினைத்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்து இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட வந்த பயம் மட்டும் திரும்பிப் போகவில்லை.

இரண்டு வருஷமாக அவள் வாசற்படி தாண்டவில்லை. சமையலறையில் பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு தோளும் இரண்டு பக்கம் இடிக்க உட்கார்ந்திருப்பாள். மூன்று மாத்திரை மாற்றியாயிற்று. முதலாவது பகலெல்லாம் தூங்க வைத்தது. இரண்டாவது உடம்பை ஊத வைத்தது. மூன்றாவது ஒன்றுமே செய்யவில்லை. "அது ஒண்ணுதான் மரியாதை தெரிஞ்ச மாத்திரை" என்றாள் தங்கை. உடம்புதான் முக்காலியில் இருந்ததே தவிர, வாய் இன்னும் சீட்டு ஜன்னலில்தான் இருந்தது.

காலையில் எலிக்காரர் எழுந்து இரண்டு பேருக்கும் சமைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, கேஸ் மூடியிருக்கிறதா என்று அவள் கண் முன்னால் இரண்டு தடவை திருகிக் காட்ட வேண்டும். வெளியே வந்ததும் அவள் உள்ளே தாழ் போடுவாள். இவர் கதவைத் தள்ளிப் பார்த்து, "விழுந்துடுச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். பதினோரு மணிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து போன். மூன்று தடவை மணி அடிக்க விட்டு, வைத்துவிட்டு, மறுபடி கூப்பிட்டால்தான், அண்ணன் என்று தெரிந்து எடுப்பாள். சாயங்காலம் படி ஏறும்போது முழங்காலை விட மனசு கனக்கும். இன்றைக்கு எப்படி இருப்பாளோ, அது ஒன்றுதான் யோசனை. கோபித்துக்கொள்ளவும் முடியாது, அழவும் முடியாது. ஏறித்தான் ஆக வேண்டும்.

இப்படி இருக்கையில்தான் அந்த மருந்து வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கிய டாக்டர். நாற்பது வயது, நறுக்கென்று பேச்சு. எலிக்காரரிடம் மட்டும் நின்று விளக்கிச் சொல்வார்.

"பயம் வந்தா மூளைக்குள்ள ஒரு சுரப்பு கெளம்பும்ண்ணே. அது சும்மா சுத்தினா ஒண்ணும் ஆகாது, போய் ஒட்டிக்க எடம் வேணும். அந்த எடத்துக்கு ஏற்பின்னு பேரு. அங்க போய் ஒட்டினாத்தான் நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், தூக்கம் போகும். ஓயாம பயந்துக்கிட்டே இருக்கறவங்களுக்கும், மனசு விட்டுப்போய்க் கெடக்கறவங்களுக்கும் இந்தச் சுரப்பு அடங்காம வந்துக்கிட்டே இருக்கலாம்னு ஒரு சந்தேகம். இந்த மருந்து முந்திக்கிட்டுப் போய் அந்த எடத்த அடைச்சுக்கும்."

எலிக்காரர் அன்றைக்குச் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய்த் தங்கையிடம் சொன்னார். அவளுக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார்.

"பஸ்ஸு வந்து நிக்குது. பயம் ஏறி உக்காரப் பாக்குது. நம்ம மருந்து ஜன்னல் வழியா முன்னாடியே கைக்குட்டையப் போட்டு எடம் புடிச்சு வச்சிடுது. அவ்வளவுதான் விஷயம்."

"அப்ப பயம் என்ன பண்ணும்? நின்னுக்கிட்டே வருமா?"

"நின்னுக்கிட்டே வரட்டும். கால் வலிச்சா எறங்கிடும்."

"சீட்டு வாங்குமா, வாங்காதா?"

அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது. இவர் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்துக்கிட்டே இரு. அந்த மருந்து இந்த அண்ணன் கையாலதான் தேறி வெளிய வரப்போகுது. மொத டப்பா உனக்குத்தான்" என்று வாக்கும் கொடுத்துவிட்டார். கொடுக்கக்கூடிய வாக்கா என்று யோசிக்கவில்லை.

சோதனை இதுதான். நாற்பது எலி. இருபதின் கூண்டில் மஞ்சள் சீட்டு, இருபதின் கூண்டில் நீலச் சீட்டு. ஒரு நிறத்துக்கு மருந்து, ஒரு நிறத்துக்கு வெறும் தண்ணீர். எந்த நிறத்துக்கு எது என்பது யாருக்கும் தெரியக் கூடாது. டாக்டரம்மாவுக்கே தெரியாது, மேலே ஒரு உறையில் ஒட்டி வைத்திருந்தார்கள். தினம் காலை சொட்டு மருந்து கொடுத்த பிறகு ஒவ்வொரு எலியையும் திரும்பக்கூட இடமில்லாத ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் அரை மணி நேரம் அடைக்க வேண்டும். மூச்சு விட ஓட்டை உண்டு, அடி இல்லை, வலி இல்லை. ஆனால் நகர முடியாது. பயம் பிடிக்க அது போதும். இப்படி மூன்று வாரம். பிறகு பரீட்சை.

விதி ஒன்று உண்டு. குழாயிலிருந்து எடுத்த எலி நேராகக் கூண்டுக்குப் போக வேண்டும். காரணமில்லாமல் தொடக் கூடாது. தொட்டால் பதிவேட்டில் நேரம் போட்டு எழுத வேண்டும். எலிக்காரர் வருஷக்கணக்காக அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்.

எட்டாம் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, உறையும் திறக்கவில்லை. மஞ்சள் சீட்டு எலிகள் குழாயிலிருந்து வந்ததும் உடம்பை உதறிவிட்டுத் தீவனத்துக்குப் போயின. நீலச் சீட்டு எலிகள் மூலைக்குப் போய் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன. முடி சிலிர்த்து நின்றது. கண்ணைச் சுற்றிச் சிவப்பாகக் கறை கட்டியது. ரொம்பத் தவித்துப்போன எலிக்கு அப்படி வரும். நாற்பது பேர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பிடிபடாததை இவர் கூண்டுக் கதவைத் திறக்கும்போதே பிடித்துவிட்டார். நீலம் என்றால் தண்ணீர்.

தண்ணீர் எலி தவிக்கத்தான் வேண்டும், அதுதான் சோதனையே. அது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் அறையில் எலி வாடியது கிடையாது. அதோடு, மூலையில் இரண்டு பக்கமும் சுவர் இடிக்க உட்கார்ந்திருக்கும் ஒன்றை அவர் காலையும் மாலையும் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், நீலச் சீட்டில் ஒன்றை எடுத்துத் துவாலையில் சுற்றி மடியில் வைத்துப் பிடரியைத் தடவிக் கொடுத்தார். அது முதலில் விறைத்தது. பிறகு பல்லை நறநறவென்று அரைக்க ஆரம்பித்தது. எலி சுகமாக இருந்தால் அப்படி அரைக்கும். கண் பாதி மூடியது. "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல" என்றார். மறுநாள் நாலு எலி. அதற்கு மறுநாளிலிருந்து இருபதும். கூண்டுக்குள் மெல்லிய காகிதம் கிழித்துப் போட்டார், அவை கூடு கட்டிக்கொண்டன. பதிவேட்டில் "கையில் எடுத்த நேரம்" என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்திட்டார். பத்து நாளில் நீலச் சீட்டு எலிகளின் கண்ணைச் சுற்றியிருந்த கறை போய்விட்டது. அவருக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டில் முடியாத ஒன்றை இங்கே முடித்துவிட்ட நிம்மதி.

பரீட்சை நடந்தது. கூட்டல் குறி மாதிரி நாலு கை உள்ள மேடை, இடுப்பு உயரம். இரண்டு கைகளுக்குப் பக்கச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் வெட்டவெளி. பயந்த எலி சுவர் உள்ள கையிலேயே பதுங்கிக்கொள்ளும். பயம் தெளிந்த எலி வெட்டவெளிக்கு நடந்து போய் விளிம்பிலிருந்து கீழே எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு எலிக்கும் ஐந்து நிமிஷம்.

வியாழக்கிழமை மத்தியானம் உறையைத் திறந்தார்கள். டாக்டரம்மா எலி அறைக்கு வந்து, மூடியிருந்த தீவன டப்பாவின் மேல் உட்கார்ந்தார்.

"நீலம்தான் தண்ணிண்ணே."

ஒரு கணம் எலிக்காரருக்குப் பெருமை பொங்கிவிட்டது. எட்டாம் நாளே எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"ஆனா ரெண்டும் ஒண்ணாத்தான் நடக்குது" என்றார் டாக்டரம்மா. "மருந்து குடிச்சதும் வெளிய வருது, தண்ணி குடிச்சதும் வெளிய வருது. அப்ப மருந்து எதுக்கு? நாளைக்குச் சாயங்காலம் கம்பெனிக்கு எழுதணும். இந்த மருந்த மூட்டை கட்டிடுவாங்க. ரெண்டு வருஷ வேல."

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. தண்ணீர் எலிகளை வெட்டவெளிக்கு நடக்க வைத்தது தண்ணீர் இல்லை, மருந்தும் இல்லை. இவருடைய பத்து விரல்.

"என்னண்ணே, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. காலைல சரியா சாப்பிடல."

அன்றைக்குச் சாயங்காலம் படியில் இரண்டு இடத்தில் நின்றார். சொன்னால் சாவி போகும். பொய்ப் பதிவு எழுதியதற்கு வேலையே போனாலும் போகும், ஓய்வுக்கு இன்னும் பதினெட்டு மாதம். எல்லாவற்றையும் விட, முப்பத்தோரு வருஷம் மார் தட்டிய பேர் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு மருந்து தேறவில்லை, அவ்வளவுதான். தேறாத மருந்து எத்தனையோ அந்தக் கட்டடத்தில்.

தங்கையிடம் முழுக்கச் சொன்னார். விட்டுத் தள்ளு அண்ணே என்று அவள் சொல்லிவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

அவள் முதலில் சிரித்தாள். "எலிய மடியில போட்டுக் கொஞ்சினியா? உனக்கு வெக்கமா இல்ல? அண்ணிகிட்ட இப்படி ஒரு நாள் இருந்திருந்தா அவங்க இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாங்க."

"நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீ என்ன பேசற."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தடவிக் கொடுத்தாலே பயம் போயிடுதுல்ல? அப்புறம் மருந்து எதுக்குன்னுதான் நானும் யோசிக்கிறேன்" என்றார். அது தனக்கே ஒரு தப்பிக்கும் வழி மாதிரிப் பட்டது அவருக்கு.

தங்கையின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ எனக்குப் பண்ணாததா? மொத ஆறு மாசம் கைய புடிச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருந்த. போச்சா?"

"போகல."

"எலிக்குப் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியும். குழாய்ல போட்ட, பயந்துச்சு. குழாய்லேர்ந்து எடுத்துத் தட்டிக் கொடுத்த, தெளிஞ்சுது. என் குழாய் எங்க இருக்குன்னு சொல்லு. எனக்கே தெரியலையே அண்ணே. எங்கேர்ந்து என்னைய எடுப்ப?"

இவர் எழுந்து போய், மூடியிருந்த கேஸை மறுபடி திருகிப் பார்த்தார்.

"கைக்குட்டை போடற மருந்துன்னு சொன்னியே" என்றாள் கொஞ்சம் கழித்து, மெதுவாக. "நல்லா இருந்துச்சு கேக்க. அத நீயே கிழிச்சுப் போட்டுட்டு வந்து நிக்கற."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினார். உட்காரச் சொன்னார், இவர் உட்காரவில்லை. பதிவேட்டை மேசை மேல் விரித்து, கோடு போட்ட பதிமூன்று நாளையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். முதல் நாள் ஒன்று, மறுநாள் நாலு, பிறகு தினம் இருபது எலி, எலிக்கு ரெண்டு நிமிஷம், காகிதம் போட்டது, துவாலை, எல்லாம்.

டாக்டரம்மா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, முதல் கோட்டிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் வரும், கத்துவார் என்று எலிக்காரர் எதிர்பார்த்தார். அந்த அம்மாவுக்குக் கோபப்படவும் தெம்பு இல்லை.

"நாற்பது எலிண்ணே. வீணா அடைச்சு வச்சுருக்கோம் அதுங்கள. மறுபடி நாற்பது அடைக்கணும். நீங்க பாவம் பாத்த கணக்குல இன்னும் நாற்பது குழாய்க்குள்ள போகுது."

அது அவர் யோசிக்காத பக்கம். குத்தி நின்றது.

"நான் வேலைய எழுதிக் கொடுத்துடறேன்."

"எழுதத் தெரிஞ்சா ஒழுங்கா பதிவேட்டுலயே எழுதியிருக்கலாமே" என்றார் டாக்டரம்மா. பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சாவிய வச்சிட்டுப் போங்க. மேல பேசிட்டுச் சொல்றேன்."

சாவியை மேசை மேல் வைத்தபோது இடுப்பு லேசாக இருந்தது. அந்த லேசு அவருக்குப் பிடிக்கவில்லை.

வேலை போகவில்லை. தானாக வந்து சொன்னதால் எச்சரிக்கைக் கடிதத்தோடு கீழ்த்தளக் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே பாட்டில் கழுவும் அம்மாள் ஒருத்தி, இவரைப் பல வருஷம் அண்ணாந்து பார்த்தவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க சாவிக்காரரே. இங்க பூட்டு, சாவி ஒண்ணும் கெடையாது. சோப்புத்தான். எலிக்குத் தடவினீங்களாமே, அதே மாதிரி பாட்டிலுக்கும் தடவுங்க, பளபளன்னு வரும்."

"பேசு, பேசு. முப்பது வருஷத்துக்குச் சேத்துப் பேசிக்கோ" என்றார் எலிக்காரர். மூன்றாம் நாளே ஒரு மணி நேரத்துக்கு அவளை விட இருபது பாட்டில் கூடக் கழுவினார். அந்த விஷயத்தில் மனுஷன் மாறவில்லை.

மேலே மறுபடியும் நாற்பது எலி வந்தது. வேறொருத்தி பார்த்துக்கொண்டாள். கையுறை போட்டு, பேச்சில்லாமல், குழாயிலிருந்து நேராகக் கூண்டுக்கு. அந்த மூன்று வாரமும் காலை ஒன்பதரை ஆனால் எலிக்காரரின் கை சோப்புத் தண்ணீருக்குள் நின்றுவிடும். இப்போது அடைக்கிறார்கள் என்று தெரியும். பத்து மணிவரை கை மெதுவாகத்தான் ஓடும்.

ஆறாவது வாரம் டாக்டரம்மா கீழே இறங்கி வந்தார். கவிழ்த்து வைத்த கூடையின் மேல் உட்கார்ந்தார்.

"வித்தியாசம் இருக்குண்ணே. மருந்து குடிச்சது வெளிய வருது. தண்ணி குடிச்சது வரல. சந்தேகமே இல்ல."

எலிக்காரர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"அப்ப கடைக்கு எப்ப வரும்?"

டாக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு விஷயம் அரசல் புரசலாகத் தெரியும்.

"இன்னும் வேற மிருகம் பாக்கணும். அப்புறம் நல்லா இருக்கற மனுஷங்களுக்குக் கொடுத்துப் பாக்கணும். அப்புறம்தான் நோயாளிங்க. பத்து வருஷம் ஆகும்ண்ணே, வந்தா. எலிகிட்ட ஜெயிச்சு மனுஷன்கிட்ட தோத்த மருந்து நெறைய இருக்கு. இந்த வகையிலயே இருக்கு. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது."

அன்றைக்குச் சாயங்காலம் படி ஏறும்போது, இரண்டு வருஷம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். மூன்று என்றால்கூடத் தாங்குவாள். கதவு திறந்தபோது அவளுடைய முகத்தைப் பார்த்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

தங்கை முக்காலியில் உட்கார்ந்தபடி விரல் விட்டு எண்ணினாள்.

"எனக்கு அறுபத்தொண்ணு ஆயிடும். உனக்கு எழுபது."

"அறுபத்தொம்பது."

"ஆமா, அந்த ஒரு வயசுலதான் நீ குதிச்சு ஓடப்போற." பிறகு கேட்டாள், "அப்ப அது எனக்கு இல்ல?"

"இல்ல." அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "மொத டப்பா உனக்குன்னு சொன்னேன். பேச்சு பெருசாப் பேசிட்டேன்."

"எப்பத்தான் பேசல." அவள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "வேற எவளுக்கோ வந்து சேரும். எந்த ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்திருக்காளோ. அவளுக்காவது வரட்டும்."

இவர் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். முழங்கால் சொடக்குப் போட்டது.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நாலு மாசம் முன்னாடி நீ ஆஸ்பத்திரிக்குப் போய் நாலாவதா ஒரு மாத்திரை எழுதி வாங்கிட்டு வந்தல்ல. கடைப் பையன வரச்சொல்லி வாங்கிப் போட்டேன்னு உன்கிட்ட சொன்னேன். போடல. சீட்டு அந்த மாவு டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு."

"ஏன்?"

"நீ மருந்து வருது வருதுன்னு சொன்னியே. நல்லது வரும்போது இத எதுக்குப் போட்டு உடம்பக் கெடுத்துக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

எலிக்காரர் அவளையே பார்த்தார். நாலு மாதம். ஒரு வார்த்தையில் கட்டிப் போட்டிருக்கிறார். கோபம் யார் மேல் வரவேண்டும் என்று தெரியாமல் எழுந்து, டப்பாவை நகர்த்தி, சீட்டை எடுத்தார். நாலாக மடித்திருந்தது, மடிப்பில் அழுக்குப் படிந்திருந்தது. எழுத்தைக் கூட்டிப் படித்துப் பார்த்தார். புரியவில்லை. கடைக்காரனுக்குப் புரியும்.

"இது கேக்குமா கேக்காதான்னு தெரியாது" என்றார். வாழ்க்கையில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியாதுன்னே கொண்டு வா. பத்து வருஷம் சும்மா உக்காந்திருக்க முடியுமா?"

"காலைல போறேன். இப்பத்தான் ஏறி வந்தேன்."

"கடை எட்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும்."

எலிக்காரர் ஒரு பெருமூச்சு விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கழற்றின செருப்பை மறுபடி மாட்டினார்.